மாப்பிள்ளையைக் கடித்த செவலை

எனக்குச் சத்தமாகப் பேச வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் வாசிக்கும்போது நான் சொல்கிற 'உள்ளேன் ஐயா' அவர் காதுவரை போகாமல், முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாளிலேயே எனக்கு 'வரவில்லை' விழுந்திருக்கிறது. எட்டாவதோடு படிப்பு நின்றது. அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, இனிமேல் யாரும் எழுந்து நின்று வாசிக்கச் சொல்ல மாட்டார்கள் அல்லவா?

ஆனால் காக்காய் கூப்பிட மட்டும் எனக்கு நல்ல தொண்டை. நரிக்குடிப் பக்கம் என் பிறந்த வீட்டில், சோறு வடித்து இறக்கியதும் முதல் கைப்பிடி காக்காய்க்குத்தான். செத்துப்போன பெரியவர்கள் காக்காயாக வந்து பசியாறுகிறார்கள் என்று நம்பிக்கை. அந்த வேலை என் பொறுப்பில் இருந்தது. புழக்கடைச் சுவர்மேல் சோற்றை வைத்துவிட்டு, "கா… கா… கா…" என்று இழுத்துக் கூப்பிடுவேன். கண்மாய்க்கரைப் புளியமரத்திலிருந்து கிளம்பி வரும்.

"மனுசரக் கூப்பிடச் சொன்னா வாய்க்குள்ளயே முனகுறா. காக்காயக் கூப்பிட்டா மட்டும் கண்மாயி எதுத்தாப்புல கேக்குது" என்று அம்மா சொல்வாள்.

செவலை அந்த வீட்டில் வளர்ந்த நாய். பழுப்புச் சிவப்பு நிறம் என்பதால் அந்தப் பேர். குட்டியாக இருக்கும்போது ஒருநாள் விறகுக்கட்டின் மேல் ஏறி, சுவரில் இருந்த காக்காய்ச் சோற்றைத் தின்றுவிட்டது. பெரியவர்களுக்கு வைத்ததில் நாய் வாய் வைத்துவிட்டதே என்று அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. விளக்குமாற்றால் நாலு போட்டாள். பிறகு அது சுவர்ப் பக்கம் போனதில்லை. நான் காக்காய்க்கு வைத்துவிட்டு, பக்கத்திலேயே அதன் தட்டில் போடுவேன். சாப்பிடும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

கல்யாணமாகி நான் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் ஒரு ஊருக்கு வந்தேன். கணவர் வீட்டார் பலசரக்குக் கடைக்காரர்கள். கடைக்குப் பின்னால் வீடு. நான் வந்த பிறகு செவலை அங்கே சரியாக இருக்கவில்லை என்று என் தம்பி அதைப் பஸ்ஸில் சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து என்னிடம் விட்டுவிட்டுப் போனான்.

மாமியாருக்கு நாய் பிடிக்காது. ஆனால் கடையில் மல்லி மூட்டையைக் கடித்துக்கொண்டிருந்த பெருச்சாளிகள் இரண்டு மூன்றைச் செவலை பிடித்ததும், "சரி, கெடக்கட்டும்" என்றுவிட்டார். நான் தினமும் காக்காய்க்குச் சோறு வைப்பதையும் அப்படித்தான் ஏற்றுக்கொண்டார்.

"எங்க வீட்டுல அமாவாசைக்கு மட்டுந்தான் வைப்போம். ஒங்க ஊருக் காக்காய்களுக்குத் தெனமும் பசிக்கும் போல."

நான் சிரித்துக்கொண்டே நிற்பேன். ஆண்கள் எல்லாரும் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் புழக்கடைக்குப் போய்க் கூப்பிடுவேன். புகுந்த வீட்டில் என் முழுக்குரலைக் கேட்டது காக்காய்களும் செவலையும்தான்.

எங்கள் வீட்டு மூத்த மாப்பிள்ளை, அதாவது என் நாத்தனாரின் கணவர், மல்லாங்கிணறில் இருந்தார். மாட்டுத் தரகர். சந்தையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுவார், வாயைத் திறக்க மாட்டார். மிச்ச நேரமெல்லாம் வாயை மூட மாட்டார். எந்த மாட்டைப் பார்த்தாலும் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்து வயசு சொல்வது அவர் பழக்கம். நல்ல மனுசர். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டதில்லை.

ஒரு தை மாதம், பொங்கல் கழிந்து, அவர் மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்தார். கரை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு தார் வாழைப்பழம். செவலை வாசற்படியில் வெயில் காய்ந்து படுத்திருந்தது. நான் அடுக்களை நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் பழத்தைக் கீழே வைத்தார். குனிந்தார். சந்தையில் மாட்டுக்குச் செய்வதைப்போலவே கட்டைவிரலால் செவலையின் மேலுதட்டைத் தூக்கினார்.

தூக்கத்தில் இருந்த நாய் வேறு என்ன செய்யும்? விரலில் பல் பட்டுவிட்டது.

அவர் போட்ட சத்தத்தில் கடையில் பொட்டலம் வாங்க வந்தவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். மாமியார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வீட்டு மாப்பிள்ளையை வீட்டு நாயே கடிப்பதைவிடக் கேவலம் உண்டா?

"என்ன மாப்ள, எப்படி ஆச்சு?"

"சும்மா வந்தேன் அத்தை. சும்மா நடந்து வந்தேன். பாஞ்சு புடிச்சிருச்சு."

பல் பார்த்ததைச் சொல்ல அவருக்கு வெட்கம். நான் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். இரண்டு வெட்கத்துக்கும் நடுவில் செவலை வாலை இடுக்கிக்கொண்டு உரலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

"மாப்பிள்ளையக் கடிச்ச நாயி இனி இந்த வீட்டுல இருக்கப்பிடாது. யாரையாச்சும் விட்டு அடிச்சுப் போடச் சொல்லு" என்றார் மாமியார், என் கணவரிடம்.

என் கணவர் நாயை விட்டுவிட்டு முதலில் மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு டவுனுக்குப் போனார். பெரியாஸ்பத்திரி டாக்டர் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். வீட்டு நாய்தானா, நாயைக் கட்டி வைத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். பத்து நாள் அது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருந்தால் பயமில்லை. செத்தாலோ, சாப்பாட்டை மறுத்தாலோ தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி.

மாப்பிள்ளை ஊசி என்றால் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறவர். திரும்பி வந்ததும் வராததுமாக மாமியாரிடம் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"அத்தை, அந்த நாயி மேல ஒரு ஈ ஒக்காரக் கூடாது. அது நல்லாருந்தாத்தான் நான் நல்லாருப்பேன்."

"நீங்க சொல்றீகளேன்னு பாக்கேன் மாப்ள. ஆனா இந்த வீட்டுக்குள்ள வேண்டாம். பிள்ளைக நடமாடுற எடம்."

அப்போதுதான் என் கணவர் மாட்டாஸ்பத்திரி பேச்சை எடுத்தார். டவுனில் இருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர். காளைக்குக் காயடிக்க, பசுவுக்குச் சினை பார்க்க, கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போடப் போவார்கள். நாயைக் கொண்டுபோனவர் என்று நாங்கள் யாரையும் கேள்விப்பட்டதில்லை.

"மாட்டாஸ்பத்திரியில நாயை எப்படிச் சேப்பாக?" என்றார் மாமியார்.

"நாயிக்கும் நாலு காலு இருக்கு, நடக்குது. சேத்துக்கிடுவாக" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு அந்த ஆஸ்பத்திரி நல்ல பழக்கம்.

மறுநாள் காலையிலேயே, கன்றுக்குட்டி மண் தின்னாமல் இருக்கப் போடும் நார் வாய்க்கூட்டை எடுத்துச் செவலை வாயில் மாட்டி, கடைக்குச் சரக்கு எடுக்கப் போகிற வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கூடு அதன் கண்வரைக்கும் இறங்கிவிட்டது. என் முகத்தைத் தேடித் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனது. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அது திரும்பி வராவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கவே முடியவில்லை. அந்த வீட்டில் என் அம்மா வீட்டு வாசனை தெரிந்த உயிர் அது ஒன்றுதான்.

அங்கே இருந்த டாக்டர் வெளியூர்க்காரர், இளவயசு. பின்பக்கம் கம்பிக்கதவு போட்ட ஒரு சின்ன அறை இருக்கிறது, அங்கே கட்டிவைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, உண்ணிக்குப் பொடி போட்டு, பூச்சி மருந்தும் கொடுத்தாராம். சீமை டாக்டர் மாதிரி மார்பில் குழாய் வைத்துக் கேட்டார் என்று என் கணவர் வந்து சொன்னபோது மாமியார் நம்பவில்லை.

மாப்பிள்ளை ஊருக்குத் திரும்பவில்லை. நாய்க்குப் பக்கத்தில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி. தினமும் பஸ் ஏறிப் போய்ச் செவலையைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கிப் போவார். கடிபட்ட விரலில் பெரிய கட்டு. "சந்தைக்கும் போக முடியாது. இந்தக் கட்டோட துண்டுக்குள்ள கைய விட்டா அஞ்சு எது பத்து எதுன்னு ஆளுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆனால் சேதி நல்லதாக இல்லை. செவலை சாப்பிடவில்லை.

முதல் நாள், இடம் புதுசு என்றார்கள். மறுநாளும் தண்ணீர் மட்டும் குடித்தது. பிஸ்கட்டை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது. என் கணவர் கடைக்காரப் பிள்ளைக்கே உரிய யோசனையோடு கருவாடு கொண்டுபோனார். அதையும் தொடவில்லை.

இங்கே வீட்டில் மாமியார் மாப்பிள்ளைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். அவர் இலைமுன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

"சாப்பிடுங்க மாப்ள."

"அது சாப்பிடல அத்தை. எனக்கு எப்படி எறங்கும்?"

"நாயிக்கும் ஒங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"நாயிக்கும் எனக்குந்தான அத்தை இப்பச் சம்பந்தம்" என்று விரலைக் காட்டினார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுப்பை ஊதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். ஆனால் சாயங்காலம் டவுனிலிருந்து திரும்பிய என் கணவர் சொன்னதைக் கேட்டபோது சிரிப்புப் போய்விட்டது. நாளைக்குச் சாயங்காலத்துக்குள் சாப்பிடவில்லையென்றால் ஊசியை ஆரம்பித்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சும்மா இருந்தவரைப் பாய்ந்து கடித்திருக்கிறது, இப்போது சாப்பாட்டையும் மறுக்கிறது, இரண்டும் சேர்ந்தால் நல்ல அறிகுறி இல்லையாம். வெறி என்று முடிவானால் நாயை வைத்திருக்க மாட்டார்கள்.

அடுக்களையில் என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தபோது, "நானும் வாரேன்" என்றேன்.

"எங்க?"

"அங்க."

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானாக ஒன்று கேட்டது அவருக்கு அதுதான் முதல்தடவை. சரி என்றார்.

மறுநாள் நாங்கள் மூவரும் பஸ்ஸில் போனோம். அன்றைக்கென்று பார்த்து ஆஸ்பத்திரி முற்றத்தில் ஒரே கூட்டம். காளைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள். வாகை மரத்தடியில் ஒரு முஸ்லிம் அம்மா கூடைக்குள் பூனையை வைத்து மேலே துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். காளைக்காரர்களில் பாதிப்பேர் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர்கள்.

"என்ன தரகரே, நாயி வியாபாரத்துக்கு மாறியாச்சா?"

"விரல்ல என்ன கட்டு? வெலைய அமுக்கிப் பேசுனீகளோ?"

அவர் பதில் சொல்லாமல் நடந்தார். அவர் பதில் சொல்லாமல் நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

பின்பக்கம் கம்பிக்கதவுக்குள் செவலை படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வாலை ஆட்டி முனகியது. டாக்டர் வந்து நின்றார். கூடவே காக்கிச் சட்டை போட்ட ஆஸ்பத்திரி ஆள்.

"உங்களை அடையாளம் தெரியுது. அது நல்லதுதான்" என்றார் டாக்டர். "நீங்க வெச்சாச் சாப்பிடுதான்னு பாருங்கம்மா."

தட்டில் பாலும் ரொட்டியும் இருந்தன. கம்பிக்கு அடியில் தள்ளினேன். செவலை வந்து மோந்தது. நாக்கில் எச்சில் ஒழுகியது. ஆனால் ஓரடி பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. என்னைப் பார்த்தது. பிறகு தலையைத் தூக்கி, எனக்குப் பின்னால் இருந்த சுற்றுச்சுவரின் உச்சியைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. மறுபடி சுவர்.

"பாருங்க சார், எச்சி வடியுது, வானத்தப் பாக்குது" என்றார் காக்கிச் சட்டைக்காரர். "வெறி நாயி இப்படித்தான்."

மாப்பிள்ளை தன்னை அறியாமல் தொப்புளில் கையை வைத்துக்கொண்டார்.

அது வானத்தைப் பார்க்கவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. அம்மா வீட்டுப் புழக்கடையும் விறகுக்கட்டும் விளக்குமாறும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. காக்காய்க்கு வைத்து, கூப்பிட்டு முடிக்காமல் வாய் வைத்தால் அடி விழும். குட்டியில் படித்த அந்தப் பாடத்தை அது மறக்கவே இல்லை. நான் தினமும் முதலில் காக்காயைக் கூப்பிட்டுவிட்டே அதற்குப் போட்டதால், இத்தனை வருசமும் அது எதற்காகக் காத்திருந்தது என்று எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

என் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"காக்காயக் கூப்பிடணும்."

"என்னது?"

"காக்காய்க்கு வச்சுக் கூப்பிட்டாத்தான் அது திங்கும்."

அவர் அதை டாக்டரிடம் சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. "கூப்பிட்டுப் பார்க்கலாமே" என்றார். ஒரு துண்டு ரொட்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டு என் கணவர் தொண்டையைச் செருமி, கடையில் கடன்காரரைக் கூப்பிடுவதுபோல மெதுவாக, "கா, கா" என்றார். செவலை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து மாப்பிள்ளை கூப்பிட்டார். அது மாட்டை ஓட்டுகிற சத்தமாக வந்தது. முற்றத்தில் இரண்டு காளைகள் மிரண்டன.

இதற்குள் காளைக்காரர்கள் எல்லாரும் பின்பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். பூனைக்கூடையோடு அந்த அம்மாவும் வந்துவிட்டார். அத்தனை ஆண்கள். அதில் ஒருவர் முகத்தையும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. வாய்க்குள்ளேயே ஒருதரம் "கா" என்று சொல்லிப் பார்த்தேன். செவலையின் காது இரண்டும் எழுந்து நின்றன. ஆனால் அது எழவில்லை. இன்னும் இருக்கிறது, முழுசாகச் சொல் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். கூப்பிட்டேன்.

"கா… கா… கா…"

வாகை மரத்திலிருந்து முதல் காக்காய் வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரையிலிருந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்து சுவர் கறுத்துவிட்டது. தகரத் தட்டு தரையில் உரசுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தபோது செவலை பாலைக் குடித்து முடித்து, தட்டை அறையின் பின்சுவர்வரை நக்கித் தள்ளிக்கொண்டு போயிருந்தது.

டாக்டர் அங்கே கிடந்த கல்லில் உட்கார்ந்து சிரித்தார்.

"நான் சீட்டுல என்னம்மா எழுதுறது? காலையில ஒரு கா, ராத்திரி ஒரு கான்னு எழுதவா?"

மாப்பிள்ளைக்குச் சந்தோசத்தில் நிதானம் போய்விட்டது. "சார், அது ரொம்ப நல்ல நாயி சார். சும்மா கடிக்கல. நாந்தான் வயசு பாக்கலாம்னு பல்லத் தூக்கிப் பாத்தேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

ஒரு காளைக்காரர் கேட்டார். "பாத்தீகளே, எத்தனை பல்லு?"

"எத்தனைன்னு விரல்லயே எழுதிக் குடுத்துருச்சப்பா."

மிச்ச நாட்களுக்குத் தினமும் யார் போய்க் கூப்பிடுவது என்று அடுத்த பிரச்சினை வந்தது. காக்கிச் சட்டைக்காரர் மறுத்துவிட்டார். "நான் கவர்மெண்டு ஆளு. காக்கா கூப்பிடுறதுக்கா சம்பளம் வாங்குறேன்?" கடைசியில் மாப்பிள்ளையே அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அதற்காக எங்கள் புழக்கடையில் என்னிடம் பாடம் கேட்டார்.

"எப்படிச் சொல்லணும் தங்கச்சி?"

"இழுத்துச் சொல்லணும் அண்ணாச்சி. கடைசியில மேல ஏத்தணும்."

அண்ணாச்சி என்று அன்றைக்குத்தான் வாயில் வந்தது. கொஞ்சம் கீச்சுக்குரலில் அவர் பழகிக்கொண்டார். செவலை முதல் நாள் யோசித்துத்தான் சாப்பிட்டதாம். அடுத்த நாளிலிருந்து அவரை ஏற்றுக்கொண்டது. அந்தக் குரலைக் கேட்டுவிட்டுச் சந்தையில் அவருக்குக் காக்காத் தரகர் என்று பேர் வந்தது.

கெடு முடிந்து டாக்டர் நாய்க்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். வெறி வராமல் இருக்க அதற்கு ஒரு ஊசி போட்டு, வருசம் ஒருமுறை கூட்டிவரச் சொன்னார். ஊசி நாய்க்குப் போட்டபோதும் மாப்பிள்ளைதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று என் கணவர் சொன்னார். அப்புறம் வருசாவருசம் நானே செவலையைக் கூட்டிக்கொண்டு போனேன். பூனை அம்மாவை அங்கே இரண்டொரு தடவை பார்த்தேன். "நீதான அன்னைக்குக் காக்காயக் கூப்பிட்ட பிள்ள? எம் பூனைக்கும் எதையாச்சும் கூப்பிடு, மருந்து குடிக்க மாட்டேங்குது" என்பார். எங்கள் தெருவிலும் கிளிக்குக் கால் வீங்கினால், ஆட்டுக்குட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வடிந்தால், மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்கள்.

செவலை வீட்டுக்கு வந்த அன்று மாமியார் மறுபடியும் கோழி அடித்தார். மாப்பிள்ளைக்கு இலை போட்டார். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஈரலைத் தேடி எடுத்து வைத்தார். மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் என்ன மாப்ள? நாயிதான் நல்லாருக்கே. சாப்பிடுங்க."

அவர் தலையை மட்டும் தூக்கி, செவலை பார்த்ததைப்போலவே சுவரைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குப் புரையேறிவிட்டது. மாமியாருக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "கூப்பிட்டுத் தொலை ஆத்தா. குழம்பு ஆறுது" என்றார்.

நான் நிலைப்படியில் நின்றபடியே கூப்பிட்டேன். கடைவரை கேட்டிருக்கும். செவலை புழக்கடையிலிருந்து ஓடிவந்து, தன் தட்டு எங்கே என்று தேடியது.